ஓரிரு இடங்களில் மழை: கோடைக்கால வானிலை அறிக்கையை எப்படிக் கேட்பது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்குக் கோடைக்கால வானிலை அறிக்கையைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். சங்கரன்கோவில்ல இருந்து பேசறதால தென்காசி மாவட்டத்தை வச்சுத்தான் உதாரணம் சொல்லுவேன். ஆனா ராஜபாளையம், போடி, பொள்ளாச்சி மாதிரி மேற்கு மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

மே மாசம் சாயங்காலச் செய்தியைக் கேட்டா மூணு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒண்ணு, "வெயில் சதம் அடித்தது". அதாவது 100 டிகிரி பாரன்ஹீட், செல்சியஸ்ல 37.8. ரெண்டாவது, "மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும்". மூணாவது, "குற்றால அருவிகளில் குளிக்கத் தடை". முதல் செய்தியைக் கேட்டு அலுத்துக்கிறோம். ரெண்டாவதைக் கேட்டு வானத்தைப் பார்க்கிறோம். மூணாவதைக் கேட்டு, "போட்ட திட்டம் வீணாப் போச்சே"ன்னு சொல்றோம். மூணும் தனித்தனிச் செய்தி மாதிரி காதுல விழுது. உண்மையில அது ஒரே செய்தி. முதல்ல வர்ற வெயில்தான் ரெண்டாவதா இடியாகுது. அந்த இடிதான் மலைமேல பெய்து மூணாவதா வெள்ளமாகுது. இதைச் சேர்த்துக் கேட்கத் தெரிஞ்சா சில உயிர்கள் மிஞ்சும். அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

வெயில் எப்படி இடியாகுது?

அக்கினி நட்சத்திரம் வழக்கமா மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடியும். அந்த நாட்களில் வெறும் சூடு மட்டும் இருந்தா ஒரு மாதிரி, புழுக்கமும் சேர்ந்தா இன்னொரு மாதிரி. "என்னமா புழுங்குது, மழை வரும்போல"ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. அது சரியான கணிப்புதான். புழுக்கம்னா காற்றில் நீராவி அதிகம்னு அர்த்தம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆக, சூடான ஈரக்காற்று ஒரு பெரிய தண்ணீர்ச் சுமை. அதை மேலே தூக்கிவிட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

தூக்கிவிடுறது மலை. காலையில் இருந்து வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகுது. அதை ஒட்டியிருக்கிற காற்று சரிவு வழியாகவே மேலே ஏறுது. மேற்கே அரபிக்கடல்ல இருந்து வர்ற ஈரக்காற்று கேரளாவைத் தாண்டி மலைமேலயும், ஆரியங்காவு கணவாய் வழியாகவும் இந்தப் பக்கம் வருது. கிழக்கே மன்னார் வளைகுடாவில் இருந்து கடல்காற்று மத்தியானத்துக்கு மேல உள்ளே வருது. ரெண்டும் மலைக்கிட்ட சந்திக்கிற நாள்ல, 1 மணி, 2 மணிக்கு மேல மலைமுகட்டில் வெள்ளை மேகம் காலிஃபிளவர் மாதிரி குமிய ஆரம்பிக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்துல அது 12 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் போயிடும். உச்சியில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் உண்டாகும். அதுதான் மின்னல். அடிப்பக்கம் கருத்து, காற்று திடீர்னு குளிர்ந்து வீசும். பிறகு கொட்டும்.

இந்த மேகம் அகலத்துல ரொம்பச் சின்னது. பல நேரம் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர்தான் இருக்கும். அதனாலதான் புளியங்குடியில் ஊத்தும்போது சங்கரன்கோவில்ல தூசி பறக்கும். மேல்காற்று பலமா இருந்தா மேகம் நகர்ந்து போய்ப் பல ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பெய்யும். மேல்காற்று இல்லாத நாள்ல, நின்ன இடத்துலயே நின்னு மொத்தத்தையும் ஒரே மலைச்சரிவுல கொட்டிட்டுப் போகும். அந்த நாள்தான் ஆபத்தான நாள்.

"ஓரிரு இடங்களில்" என்றால் என்ன?

இப்போ அறிக்கையில் வர்ற வார்த்தைக்கு வருவோம். "ஓரிரு இடங்களில்"னு கேட்டதும் நம்ம மனசு என்ன பண்ணுது? "பெருசா ஒண்ணும் இல்லை, அங்கங்க தூறும்"னு எடுத்துக்குது. அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமே கிடையாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்தச் சொற்களை அளவு வச்சுத்தான் பயன்படுத்துது. ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரைக்கும் மழை பதிவாகும்னு எதிர்பார்த்தால் "ஓரிரு இடங்களில்". 26 முதல் 50 சதவீதம் என்றால் "ஒரு சில இடங்களில்". 51 முதல் 75 வரை "அநேக இடங்களில்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". கவனிச்சீங்களா? இது எத்தனை இடம்ங்கிற கணக்கு. எவ்வளவு மழைங்கிற கணக்கு இதுல இல்லவே இல்லை.

எவ்வளவுங்கிறதுக்குத் தனி வார்த்தை இருக்கு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 20க்கு மேல் அதி கனமழை. ஆகவே "ஓரிரு இடங்களில் கனமழை"ன்னு சொன்னா, நாலு ஊர்ல மூணு ஊர் காய்ஞ்சு கிடக்கலாம், நாலாவது ஊர்ல ஓடை கரை புரளலாம்னு அர்த்தம். காய்ஞ்சு கிடக்கிற மூணு ஊர்க்காரங்களும் மறுநாள் டீக்கடையில உட்கார்ந்து, "மழைன்னு சொன்னான், ஒரு சொட்டு விழலை"ம்பாங்க. நாலாவது ஊர்க்காரர் அந்தப் பெஞ்சுல இருக்க மாட்டார்.

நிறத்துக்கும் இதே கதைதான். மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டே இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. ஆனா இந்த நிறம் மாவட்டத்துக்கு ஒண்ணுதான். தென்காசி மாவட்டத்துக்கு மஞ்சள்னா, குற்றாலத்து மலைக்கும் மஞ்சள், நம்ம சங்கரன்கோவில் வெட்டவெளிக்கும் மஞ்சள். ரெண்டு இடமும் ஒண்ணா? ஒரே நிறத்துக்குள்ள ரொம்ப வேறுபட்ட ரெண்டு ஆபத்து ஒளிஞ்சிருக்கு.

இன்னொரு நுணுக்கம். நாளிதழ்ல வர்ற மழையளவு, முதல் நாள் காலை 8.30 மணியில் இருந்து மறுநாள் காலை 8.30 வரைக்குமான மொத்தம். கோடை மழை பல நேரம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். 6 சென்டிமீட்டர்னு பேப்பர்ல பார்த்தா கனமழை அளவுக்குக்கூட வரலை. அதே 6 சென்டிமீட்டர் 50 நிமிஷத்துல கொட்டியிருந்தா ஓடைக்கு அது பெரிய வெள்ளம். அந்த வித்தியாசம் 24 மணி நேரக் கணக்கில் தெரியாது. மலைமேல மழைமானியே இல்லாத இடத்துல கொட்டியிருந்தா பேப்பர்ல எந்த எண்ணும் வராது.

2024 மே 17

நம்ம மாவட்டத்துலயே நடந்ததைச் சொல்றேன். 2024 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் தமிழ்நாடு எப்படி வெந்ததுன்னு நினைவிருக்கும். உள்மாவட்டங்கள் பலவற்றில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாட்கள் அவை. அதுக்கப்புறம் மே நடுவுல வானிலை மாறிச்சு. கோடை மழை தொடங்கிச்சு. தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. நீலகிரியில் மே 18 முதல் 20 வரை சுற்றுலாப் பயணிகள் வருவதைத் தவிர்க்கச் சொல்லி அந்த மாவட்ட நிர்வாகமே கேட்டுக்கொண்டது.

ரெண்டு வாரம் வெந்த மக்களுக்கு இந்த மழைச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும்? எச்சரிக்கையாக் கேட்காது. "குற்றாலத்துல தண்ணி விழுதாம்"னுதான் கேட்கும். சீசன் தொடங்க இன்னும் ரெண்டு வாரம் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை வேற. மே 17, வெள்ளிக்கிழமை பிற்பகல் பழைய குற்றால அருவியில் கூட்டம் குளிச்சுக்கிட்டு இருந்தது. தண்ணீர் மிதமாத்தான் விழுந்தது. மேலே மலையில் மழை. சில நிமிடங்களில் அருவி செந்நிறமாகிப் பொங்கியது. மக்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடுகிற காட்சியை நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீங்க. 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அதன்பிறகு எல்லா அருவிகளிலும் சில நாட்கள் குளிக்கத் தடை போடப்பட்டது.

இது ஒருமுறை நடந்த விஷயமும் இல்லை. இதே மலைத்தொடரில் வடக்கே சதுரகிரியில், 2015 மே மாதம் அமாவாசைக்கு மலையேறின பக்தர்கள் சிலர் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தாங்க. அதுவும் மே. அதுவும் வறண்டு கிடந்த ஓடை.

2023 டிசம்பர் 17, 18ல் வந்த வெள்ளத்தோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. அப்போ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஊருக்குள்ள வந்தது. அது பல மடங்கு பெரிய வெள்ளம். ஆனா அன்னைக்கு எல்லாருக்கும் தலைக்கு மேலயே மழை கொட்டிக்கிட்டு இருந்தது. வெளியே போகணும்னு யாருக்கும் தோணாது. கோடை வெள்ளம் அப்படி இல்லை. நீங்க நிற்கிற இடத்துல வெயில் அடிக்கலாம். தண்ணி வர்ற இடத்துல மட்டும் வானம் கிழிஞ்சிருக்கும்.

மலையின் கணக்கு

"கொஞ்ச நேர மழைக்கு இவ்வளவு தண்ணியா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு ஓடைக்குத் தண்ணி சேர்க்கிற மலைப்பரப்பு 5 சதுர கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். பெரிய இடம் இல்லை. அதுல ஒரு மணி நேரத்துல 5 சென்டிமீட்டர் பெய்யுது. மொத்தம் 25 கோடி லிட்டர். பாதியை மண்ணும் மரமும் பிடிச்சுக்கிச்சுன்னாக்கூட, மிச்சம் பன்னிரண்டரை கோடி லிட்டர். 10,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கே, அதுல 12,500 லாரி. இது எல்லாம் ஒரே பள்ளத்துக்கு, ஒரே வாய்க்கு வரணும்.

சமவெளியில் இந்தத் தண்ணி பரவி நிற்கும். குளத்துல போய்ச் சேரும். மலையில் பரவ இடமில்லை. செங்குத்தான பாறை. தண்ணி நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல வந்தாலே, 3 கிலோமீட்டர் மேலே பெய்த மழை 20 நிமிஷத்துக்குள்ள கீழே வந்துடும். மழை பெய்து 6 மணி நேரத்துக்குள் வருகிற வெள்ளத்தைத்தான் திடீர் வெள்ளம்னு உலக அளவில் வரையறுத்திருக்காங்க. நம்ம மலை ஓடைகளுக்கு 6 மணி நேரமெல்லாம் ரொம்பத் தாராளம். அரை மணி நேரம் கிடைச்சாலே அதிர்ஷ்டம்.

வேகமா ஓடுற தண்ணி அரை அடி ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளை நிலைதடுமாற வைக்கும். ஒரு அடி இருந்தா சின்னக் காரைத் தூக்கும். ரெண்டு அடின்னா பெரும்பாலான வண்டியை இழுத்துட்டுப் போயிடும். தரைப்பாலத்துல தண்ணி போகும்போது "முழங்கால் அளவுதானே"ன்னு பைக்கை இறக்குறவங்க இதை மனசுல வச்சுக்கணும். முழங்கால் அளவுங்கிறது ஒண்ணரை அடி.

சங்கரன்கோவிலுக்கு என்ன?

"நாங்க சமவெளியில இருக்கோம், எங்களுக்கு என்ன"ன்னு தோணலாம். நம்ம ஊர் மழை மறைவுப் பகுதி. மழைக்காக ஏங்குற ஊர். ஆனா நம்ம பக்கத்து ஓடைகளும் ஆறுகளும் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் போற நிட்சேப நதி வைப்பாற்றோட கிளை. வருஷத்துல பெரும்பாலான நாள் மணலாத்தான் கிடக்கும். அதுக்குள்ள ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவாங்க. மேற்கே வாசுதேவநல்லூர், சிவகிரி மலையடிவாரத்துல கொட்டினா, மேற்கே இருந்து வர்ற வறண்ட தடங்கள்லதான் தண்ணி வரும்.

அதோட, நம்ம ஊர் ஆட்களுக்குக் குற்றாலம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமைன்னா குடும்பத்தோட கிளம்பிடுறோம். கிளம்பும்போது இங்கே வானம் பளிச்சுன்னு இருக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் முடிவெடுக்கிறோம். பார்க்க வேண்டிய வானம் நம்ம தலைக்கு மேல இருக்கிறது இல்லை. நாம நிற்கப் போற ஓடைக்கு எங்கிருந்து தண்ணி வருதோ, அந்த மலைமுகட்டு வானம்.

சமவெளியில் நமக்கு நேரடியான ஆபத்து மின்னல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் நடந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இறப்பவர்களில் மிகப் பலர் வயல்ல வேலை பார்க்கிறவங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிங்க. இடி கேட்கும்வரை மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனா எண்ணிக்கிட்டு நிற்கிறதைவிட, இடிச் சத்தம் காதுல விழுந்தாலே நாம எல்லைக்குள்ள இருக்கோம்னு எடுத்துக்கிறது நல்லது. ஒத்தைப் பனை, ஒத்தை வேம்பு அடியில ஒதுங்காதீங்க. கான்கிரீட் கட்டடம், இல்லைன்னா கண்ணாடி ஏத்தின கார், வேன். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளியே வரணும்.

வெயிலையும் விட்டுடக் கூடாது. 2024 அக்டோபர்ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. ஒரே நாள்ல மத்தியானம் 12 மணிக்கு வெயில் ஆபத்து, 4 மணிக்கு இடி ஆபத்து. நூறு நாள் வேலைக்குப் போறவங்க, கட்டட வேலை பார்க்கிறவங்க வெயில் தணியட்டும்னு வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளுறாங்க. இடி எச்சரிக்கை இருக்கிற நாள்ல சாயங்காலம் பாதுகாப்பான நேரம் இல்லை. அப்போ விடிகாலைதான் வழி.

ஏன் ஊர் பேர் சொல்ல முடியலை?

"இத்தனை செயற்கைக்கோள் இருக்கு, எந்த ஊர்ல பெய்யும்னு சொல்ல முடியாதா?" நியாயமான கேள்விதான். 5 கிலோமீட்டர் அகல மேகம் எந்தச் சரிவுல குமியும்னு முதல் நாளே சொல்றது இன்னைக்கு உலகத்துல எங்கேயும் உறுதியா முடியாது. குமிஞ்ச பிறகு ரேடார் காட்டும். நம்ம பகுதிக்கு அதுலயும் ஒரு சிக்கல். சென்னை ரேடாரும் காரைக்கால் ரேடாரும் ரொம்பத் தொலைவு. மேற்கே திருவனந்தபுரம், கொச்சி ரேடார்கள் பக்கம்தான், ஆனா நடுவுல மலை நிற்குது. மலைக்கு இந்தப் பக்கம் தாழ்வா நடக்கிறது அதுக்குச் சரியாத் தெரியாது.

அதுக்காக ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது. அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பை வானிலைத் துறை மாவட்டவாரியா வெளியிடுது. 2020 அக்டோபர்ல தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பைத் தொடங்கினாங்க. இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை அஞ்சு நாட்டுக்கும் சேர்த்து நம்ம வானிலைத் துறை அதை நடத்துது. மண் எவ்வளவு ஈரமா இருக்கு, இன்னும் எவ்வளவு மழையைத் தாங்கும்னு கணக்குப் போட்டு, 6 மணி நேரம் முன்னாடி ஆபத்தையும் 24 மணி நேரம் முன்னாடி வாய்ப்பையும் அது சொல்லும். மின்னலுக்கு தாமினி செயலி இருக்கு. தமிழக அரசோட டிஎன் அலர்ட் செயலி இருக்கு. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

இடம் தெரியாது, நேரம் தெரியும்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். "நாலு தடவை எச்சரிக்கை வந்தது, நாலு தடவையும் ஒண்ணும் நடக்கலை. அஞ்சாவது தடவையும் வீட்டுலயே இருக்கணுமா?" இதுதான் எல்லார் மனசுலயும் இருக்கிற கேள்வி.

இருக்க வேண்டாம். ஏன்னா கோடை இடிமழையில் இடம்தான் நிச்சயம் இல்லை. நேரம் பெருமளவு நிச்சயம். வெயில்தான் அதோட எரிபொருள். அதனால அது பெரும்பாலும் மத்தியானம் 1, 2 மணிக்கு மேல தொடங்கி இரவு 8, 9 மணிக்குள்ள முடியும். பழைய குற்றாலத்துல நடந்ததும் பிற்பகல்தான். ஆக, மஞ்சள் எச்சரிக்கை இருக்கிற நாள்ல பயணத்தை ரத்து பண்ண வேண்டியதில்லை. நேரத்தை மாத்தினாப் போதும். காலை 6 மணிக்குக் கிளம்பி, 11 மணிக்குள்ள குளிச்சு முடிச்சு, மலையை விட்டு இறங்கிடுங்க. மத்தியானச் சாப்பாடு தென்காசியில வச்சுக்கலாம்.

முதல் நாள் ராத்திரி மலையில பெய்திருந்தா காலையிலயும் தண்ணி வரும், அதையும் விசாரிச்சுக்கணும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தா இந்த நேரக் கணக்கு செல்லாது. அது புயல் சின்னம், காற்றழுத்தத் தாழ்வு மாதிரி பெரிய அமைப்பால வர்ற மழையா இருக்கலாம். ராத்திரி பகல்னு பார்க்காது. அன்னைக்கு அருவிப் பக்கமே போக வேண்டாம்.

அருவியிலயோ ஓடையிலயோ நிற்கும்போது சில அடையாளங்களைக் கவனிக்கணும். தெளிவா இருந்த தண்ணி கலங்கினா, செம்மண் நிறம் வந்தா, இலையும் சுள்ளியும் திடீர்னு மிதந்து வந்தா, மேலே இருந்து லாரி வர்ற மாதிரி இரைச்சல் கேட்டா, அந்த நொடியே வெளியே வரணும். செருப்பு, பை, கைபேசி எதுக்கும் திரும்பக் கூடாது. ஓடையோட போக்குலயே கீழ்நோக்கி ஓடாதீங்க, தண்ணி உங்களைவிட வேகம். பக்கவாட்டுல மேட்டைப் பார்த்து ஏறுங்க.

இதை அமெரிக்காக்காரங்க பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்டாங்க. 1976 ஜூலை 31 மாலை, கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கில் ஓர் இடிமேகம் நகராமல் நின்று, சில மணி நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கீழ்ப்பகுதியில் முகாமிட்டிருந்தவங்களுக்கு மழையே சரியாத் தெரியலை. வெள்ளம் வந்தப்போ பலர் காரை எடுத்துக்கிட்டுச் சாலை வழியாக் கீழே ஓட்டினாங்க. அந்தச் சாலை ஆத்தை ஒட்டியே போகுது. 140க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதுக்கப்புறம் அந்த மாநிலத்து மலைச்சாலைகள்ல, வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறுங்கள்னு பலகை வச்சாங்க. இன்னைக்கும் இருக்கு.

நம்ம பேரருவியில பாதுகாப்பு வளைவு இருக்கு. தண்ணி வளைவைத் தாண்டி விழுந்தா குளிக்க விட மாட்டாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா அது தண்ணி வந்த பிறகு சொல்ற அடையாளம். வர்றதுக்கு முன்னாடி சொல்ற அடையாளம் மலைமுகட்டு மேகம்தான். போலீஸ்காரர் விசில் அடிச்சா அவரோட சண்டை போடாதீங்க. மேலே மழை பெய்யுதுன்னு அவருக்கு யாரோ சொல்லியிருப்பாங்க, உங்களுக்கு அது தெரியாது.

கடைசியா ஒரு வேண்டுகோள். புளியங்குடி, வாசுதேவநல்லூர், கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்துல உங்களுக்குச் சொந்தக்காரங்க, சிநேகிதங்க யாராவது இருப்பாங்க. மே மாசத்துல குடும்பத்தோட அருவிக்கோ மலைக்கோவிலுக்கோ கிளம்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. "மலை எப்படி இருக்கு, மேகம் கட்டியிருக்கா, நேத்து ராத்திரி பெஞ்சுதா?"ன்னு மட்டும் கேளுங்க. மலையடிவாரத்துல இருக்கிற நேயர்களுக்கும் ஒண்ணு சொல்றேன். மலை கருக்கிறதைப் பார்த்தா, கிழக்கே சமவெளியில இருக்கிற உங்க ஆட்களுக்கு நீங்களா ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. அவங்களுக்கு அங்கே வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்.

அடுத்த பகுதியில் மழைமானியை வீட்டிலேயே எப்படிச் செய்து அளக்கிறதுன்னு பார்க்கலாம்.